நீஸா, மாலகாவா?

மத்தியதரைக் கடலோரம் ஒரு வாரம். காலையில் ஓவியம், மத்தியானம் நல்ல சாப்பாடு, சாயங்காலம் கடல். இப்படி ஒரு ஊர் சொல்லுங்கள் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் பார்சலோனா என்பார்கள். தப்பில்லை. ஆனால் கட்டடக் கலைஞர் கௌடியின் சக்ராதா ஃபமீலியா தேவாலயம், பிக்காசோ அருங்காட்சியகம், ஓவியர் மிரோவின் அறக்கட்டளை என்று ஒவ்வொன்றுக்கும் முன்பதிவு, நேரம், வரிசை என்றே அங்கே நாள் ஓடும். அதன் கடற்கரையும் பெரும்பகுதி 1992 ஒலிம்பிக்ஸுக்காகச் சீரமைத்து மணல் கொட்டியதுதான். அது பெருநகரம், பெருநகரத்துக்கு உரிய அலுப்பையும் சேர்த்தே தரும். நீங்கள் கேட்ட மூன்றும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் ஊர்கள் என்றால் என் மனத்தில் எப்போதும் இரண்டுதான் வரும்: பிரான்சின் நீஸ், ஸ்பெயினின் மாலகா. இரண்டுக்கும் அம்மாவோடு போயிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அதை ஏன் சொல்கிறேன் என்பது கடற்கரைப் பகுதியில் தெரியும்.

முதலில் ஓவியம். அருங்காட்சியகங்களை எண்ணிப் பார்த்தால் மாலகா கை ஓங்கியிருக்கும். பிக்காசோ 1881 அக்டோபர் 25 அன்று பிறந்த வீடு மெர்செத் சதுக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில், 16ஆம் நூற்றாண்டின் புவேனாவிஸ்தா மாளிகையில் 2003இல் திறந்த பிக்காசோ அருங்காட்சியகம். அவருடைய மருமகள் கிறிஸ்தீனும் பேரன் பெர்னாரும் கொடுத்த படைப்புகளே அதன் அடித்தளம். கட்டடத்துக்குக் கீழே போனால் ஃபினீசியர் காலத்து மதில் தெரியும். அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். துறைமுகத்தில் வண்ணக் கண்ணாடிக் கனசதுரத்தின் அடியில் 2015 முதல் பாரிஸின் நவீன கலைக்கூடமான பாம்பிடூ மையத்துக்கு ஒரு கிளை. 19ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியங்களுக்குக் கார்மென் தைசன் அருங்காட்சியகம். எல்லாமே பழைய நகரத்துக்குள்ளும் அதை ஒட்டியும்தான். மழை பெய்தாலும் கவலையில்லை.

ஆனாலும் ஓவியத்துக்காகப் போவதானால் நீஸ் என்றுதான் சொல்வேன். பிக்காசோ மாலகாவை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பியது 1891இல், பத்து வயது நிரம்பும் வேளையில். அதன்பின் சில விடுமுறைகளுக்கு வந்ததோடு சரி. அந்த அருங்காட்சியகம் அவருக்கு ஊர் செய்த மரியாதை. அவருடைய பெரிய ஓவியங்கள் வேறெங்கோ பிறந்தவை. நீஸின் கதை நேர் எதிர். அங்கே ஓவியர் மத்தீஸ் பிறக்கவில்லை. வடக்கே, நெசவும் மூட்டமுமான ஊரில் வளர்ந்தவர். 1917 டிசம்பரில் நீஸுக்கு வந்தபோது விடாத மழை. கிளம்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் வானம் வெளுத்தது. அந்த வெளிச்சத்துக்காகத் தங்கியவர், 1954இல் அங்கேயே கண்ணை மூடினார். 1921 முதல் 1938 வரை அவர் குடியிருந்த மஞ்சள் கட்டடம் கூர் சலேயா சந்தையின் கிழக்கு முனையில் இன்றும் நிற்கிறது. காய்கறிக் கூடைக்கு நடுவே நின்று அண்ணாந்து அந்த ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, பிறகு சிமியே மேட்டுக்கு ஏறி மத்தீஸ் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். உள்ளே இருக்கும் மஞ்சளும் நீலமும் வெளியே பார்த்த அதே மஞ்சளும் நீலமும்தான். எனக்கு இது புத்தகத்தில் கிடைக்காத பாடம்.

அங்கே 1890இல் அவர் தொடக்கத்தில் வரைந்த இருண்ட புத்தகக் குவியல் ஓவியம் ஒன்று உண்டு. கூடவே, கடைசிக் காலத்தில் தூரிகையை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலால் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிய படைப்புகளும். 1952இன் 'நீல நிர்வாணம்' வரிசையில் நான்காவது அங்கே இருக்கிறது. கரிக்கோல் தடங்கள் அப்படியே தெரிகின்றன. கை எங்கெங்கே தயங்கியது என்பதை அருகில் நின்று பார்க்கலாம். எண்பதைத் தாண்டிய ஒரு மனிதர் சக்கர நாற்காலியிலிருந்து செய்தது அது. நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

மேட்டிலிருந்து இறங்கும் வழியில் இன்னொரு ஓவியரான ஷகாலின் அருங்காட்சியகம். 1973இல், ஷகால் உயிரோடு இருக்கும்போதே, அவர் பிறந்தநாளான ஜூலை 7 அன்று திறந்தார்கள். விவிலியத்தை வைத்து அவர் வரைந்த 17 பெரிய ஓவியங்களுக்காகவே கட்டிய கட்டடம். எந்த ஓவியம் எந்தச் சுவரில் என்று முடிவு செய்ததும் அவரே. ஆதியாகமமும் யாத்திராகமமும் பெரிய கூடத்தில். உன்னதப்பாட்டுக்கு உரிய ஐந்து ஓவியங்கள் முழுக்கச் சிவப்பாக ஒரு தனி அறையில். இசையரங்கில் உலகப் படைப்பைச் சொல்லும் நீல வண்ணக் கண்ணாடிகள். அம்மா விவிலியம் படித்தவரில்லை. ஆனால் அந்தச் சிவப்பு அறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். "கொஞ்சம் இரு கண்ணா, கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றார். உன்னதப்பாட்டு காதலர் பாட்டு என்று நான் பிறகுதான் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை: மத்தீஸ், ஷகால் இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நீஸில் இரண்டே நாள் இருப்பவர்கள் இதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். நவீன கலைக்கான மாமாக் அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2024இல் மூடப்பட்டது. அதையும் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலோரம் இருந்த பிக்காசோவைப் பார்க்க வேண்டுமானாலும் நீஸ் பக்கம்தான் போக வேண்டும். ரயிலில் அரை மணிக்கும் குறைவான தூரத்தில் ஆன்டீப். அங்குள்ள கிரிமால்டி கோட்டையில் 1946இல் அவருக்கு வேலை செய்ய இடம் கொடுத்தார்கள். போர் முடிந்த அடுத்த ஆண்டு. மீன், கடல் முள்ளெலி, ஆடு, குழலூதும் உருவங்கள் என்று சில மாதங்களில் வரைந்து தள்ளி, 23 ஓவியங்களையும் 44 கோட்டோவியங்களையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே அதே கடல். இது திங்கள்கிழமை மூடியிருக்கும்.

சாப்பாட்டில் எனக்குத் தயக்கமே இல்லை. மாலகா.

கிழக்கே பெத்ரெகலேகோ, எல் பாலோ என்று பழைய மீனவக் குப்பங்கள் நகரத்தோடு சேர்ந்துவிட்டிருக்கின்றன. ஊர் நடுவிலிருந்து 11ஆம் எண் பேருந்து போகும். மணலை ஒட்டி வரிசையாகச் சிரிங்கீத்தோ எனப்படும் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் மண் நிரப்பிய பழைய படகு, அதில் விறகுத் தணல். நம்ம ஊர் மத்தி மீனுக்கு அவர்கள் செய்யும் மரியாதையை அங்கே பார்க்க வேண்டும். குடலெடுப்பதில்லை, மசாலா கிடையாது. கல்லுப்பு மட்டும். நாணலில் ஐந்தாறு மீனை வரிசையாகக் குத்தி, தணலுக்குப் பக்கத்தில் மணலில் சாய்த்து நடுகிறார்கள். தணலுக்கு மேலே இல்லை, பக்கத்தில். காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ அதைப் பார்த்து, புகை மீனில் படாதபடி இடம் மாற்றிக்கொண்டே இருப்பார் அந்த ஆள். மீனின் கொழுப்பிலேயே தோல் மொறுமொறுப்பாகும். இதன் பெயர் எஸ்பேத்தோ. ஸ்பானிய மொழியில் 'ர' ஒலி இல்லாத மாதங்களில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, மத்தி கொழுத்திருக்கும் என்பது அங்கத்திய கணக்கு. கையால்தான் சாப்பிட வேண்டும். யாரும் முறைக்க மாட்டார்கள்.

நெத்திலியை மாவில் புரட்டிப் பொரிப்பது அந்த ஊரின் இன்னொரு பெருமை. சைவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று, அஹோபிளாங்கோ: பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், காடி அரைத்துக் குளிரவைத்த வெள்ளைச் சாறு, மேலே திராட்சை. இன்னொன்று, மெல்லிசாக நறுக்கிப் பொரித்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு. வெயில் நேரத்தில் இந்த இரண்டும் போதும். போர்ரா என்ற தக்காளிக் கூழைக் கேட்பதானால் கவனம். மேலே பன்றி இறைச்சியும் முட்டையும் தூவிக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மணிக்கு மத்தியானச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு இரவுச் சாப்பாடு என்ற கணக்குக்கும் வயிற்றைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

நீஸுக்குத் தனிச் சமையல் உண்டு; அந்த ஊர் பிரான்சோடு சேர்ந்ததே 1860இல்தான், அதனால் நாக்கு பாதி இத்தாலியப் பக்கம். அங்கே நான் விரும்பித் தேடிப் போவது சொக்கா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு கரைத்து, பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று வரும்போது சுரண்டிக் கொடுத்து மிளகுத்தூள் தூவுவார்கள். கடலை மாவு வாசனை தெரிந்த நமக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். அடுப்பிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிடுங்கள், ஆறிப்போனதை வாங்காதீர்கள். வெங்காயம் வதக்கிப் பரப்பிய பிஸ்ஸலதியேர், எண்ணெயில் ஊறிய ரொட்டிக்குள் சூரைமீனும் காய்களும் வைத்த பான் பான்யா இவையும் அருமைதான். முதலாவதில் நெத்திலிக் கருவாடு மாதிரி உப்பு மீன் இருக்கும், சைவர்கள் கேட்டு வாங்கவும். ஆனால் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடப் போனால் நீஸில் பணம் கரையும். மாலகாவில் மூன்று பேர் வயிறார உண்ணும் காசுக்கு நீஸில் இருவர் யோசித்து உண்ண வேண்டும் என்பது என் அனுபவம்.

இனி கடற்கரை. நீஸ் கடலின் நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ப்ரொமனாட் தே ஸாங்லே என்ற கடற்கரைச் சாலை கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். நீல நாற்காலியில் உட்கார்ந்து அந்த நிறத்தைப் பார்ப்பதே ஒரு வேலை. ஆனால் கரையில் மணல் இல்லை, கூழாங்கல். உள்ளங்கை அளவு கற்கள். தண்ணீரில் இரண்டடி வைத்தால் தரை சட்டென்று இறங்கிவிடும். அம்மா ஒரு அடி வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். சின்னக் குழந்தைகளுக்கும் இது சரிப்படாது. கல்லில் நடக்கிற ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம். மணல்தான் வேண்டுமென்றால் ரயிலில் பத்து நிமிடத்துக்குள் வில்ஃப்ரான்ஷ் இருக்கிறது, அல்லது ஆன்டீப்.

மாலகாவின் மலகேத்தா கடற்கரை அழகிலே இரண்டாம் பட்சம்தான். மணல் சாம்பல் நிறம். ஜிப்ரால்ட்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் நீர் உள்ளே வருவதால் நடுக்கோடையிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். நீஸ் கடல் ஆகஸ்ட்டில் இதைவிட இதமாக இருக்கும். ஆனால் பெத்ரெகலேகோவில் பாறைத் தடுப்புகள் அமைத்துச் சின்னச் சின்ன வளைவுகளாகக் கரையைப் பிரித்திருக்கிறார்கள். அலை சாது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து முழங்கால் ஆழம் வரை வந்தார், நெடுநேரம் நின்றார். கரையேறினால் இருபதடியில் மத்தி மீன் தணலில்.

போக்குவரத்தில் இரண்டும் சிரமம் தராது. நீஸ் விமான நிலையத்திலிருந்து இரண்டாம் எண் டிராம் நேராக ஊருக்குள். மாலகாவில் புறநகர் ரயில் கால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடும். மாலகாவிலிருந்து ஒரு நாள் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போய்வரலாம். அதற்கு வாரங்களுக்கு முன்பே கடவுச்சீட்டில் உள்ள பெயரில் சீட்டு எடுத்துவிடுங்கள்.

ஆகவே வயதான பெற்றோர், குழந்தைகள், கூட்டுக் குடும்பம் என்றால் மாலகா; மே கடைசி, ஜூன். ஆகஸ்ட்டில் உள்நாட்டிலிருந்து தெர்ரால் என்ற அனல்காற்று அடிக்கும் நாட்களில் நடக்க முடியாது. தனியாகவோ துணையோடோ ஓவியத்துக்காகவே போகிறீர்கள் என்றால் நீஸ், அதுவும் குளிர்காலத்தில். 2021இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே ரிவியேராவின், அதாவது அந்தக் கடலோரத்தின், குளிர்கால நகரம் என்ற பெயரில்தான். மத்தீஸ் வந்ததும் டிசம்பரில்தான். கடலில் இறங்க முடியாது. ஆனால் அவர் தங்கிவிட்ட அந்த வெளிச்சம் அப்போதுதான் முழுசாகத் தெரியும்.

இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்ப்பவர்கள் விசாவைக் கவனியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை நெருங்க நெருங்க நேர்காணலுக்கு நாள் கிடைப்பது கடினம். விமானச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தேதியைப் பாருங்கள்.