அலாய் ரிம்மில் பென்ட் எடுக்கக் கொடுக்கிறீர்களா? உள்பக்கத்தைப் பார்க்காமல் பணம் பேசாதீர்கள்

திருச்சியில் காரின் அலாய் ரிம்மை (அலுமினியக் கலவைச் சக்கரம்) பென்ட் எடுக்க, அதாவது வளைவை நிமிர்த்த, கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. இப்படி வேலை பார்ப்பது அந்த ஒரு கடை மட்டுமில்லை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலையில் நான்குவழி வேலை வருஷக்கணக்கில் இழுத்ததை அந்தப் பக்கம் போய்வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடலூர் தாண்டி, பாதையை மாற்றிவிட்டிருந்த ஒரு இடத்தில் இடது முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. மழைத் தண்ணீர் நின்றதால் ஆழம் தெரியவில்லை. காற்று இறங்கவில்லை, வண்டியும் ஓடியது. ஆனால் 80-ஐத் தொட்டால் ஸ்டீரிங் உதறியது.

ஊருக்கு வந்ததும் ரிம் வேலை மட்டுமே செய்யும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "உள்பக்க விளிம்பு மடங்கியிருக்கு சார். பென்ட் எடுத்து பெயின்ட் அடிச்சா புதுசுதான். கம்பெனி ரிம் வாங்குறது தண்டச் செலவு."

"கிராக் எதுவும் இல்லையே அண்ணே?"

"சேச்சே, வெறும் பென்ட்தான்."

இன்சூரன்ஸில் போடலாமா என்றதற்கு, டயர் ரிம் எதுவும் இன்சூரன்ஸில் வராது என்று அடித்துச் சொன்னார். 2,800 ரூபாய் பேசி, வண்டியை விட்டுவிட்டு சாயங்காலம் வரச் சொன்னார். போனபோது சக்கரம் பளபளவென்று மாட்டித் தயாராக இருந்தது. பில் கேட்டால் ஒரு துண்டுச்சீட்டு, அதில் 'ரிம் ஒர்க்' என்று இரண்டே வார்த்தை.

உதறல் குறைந்தது. ஆனால் அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று நிற்கவில்லை. 33 பிஎஸ்ஐ காற்று வைத்தால் சில நாளில் 24. வீட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடைத் தம்பி டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தான். ஆணி இல்லை, வால்வு சரி. குமிழி ரிம்மின் உள்சுவரிலிருந்து வந்தது. டயரைக் கழற்றினோம். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் சில்வர் பெயின்ட் தடிப்பாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். பெயின்ட் உரிந்தது, அதற்கடியில் பள்ளம் மறைக்கப் பூசும் பட்டி உதிர்ந்தது, அதற்கும் அடியில் ஆர்கன் வெல்டிங் வைத்து கிரைண்டரால் தேய்த்த தடம். வெல்டிங் முடிகிற இடத்தில் முடி மாதிரி ஒரு புதுக் கிராக்.

"இத வச்சுக்கிட்டா ஹைவேஸ்ல போனீங்க?" என்றான்.

இரும்பு ரிம்மில் பென்ட் எடுப்பது பழைய வேலை. இரும்பு வளையும், சுத்தியலுக்கும் பிரெஸ்ஸுக்கும் பெரும்பாலும் இணங்கித் திரும்பும். அலாய் ரிம் வார்ப்பு அலுமினியம். அதிகம் வளையாது, கிராக் விடும். வார்த்தபிறகு தொழிற்சாலையில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துத்தான் அதற்கு உறுதி ஏற்றுகிறார்கள். கடையில் கேஸ் டார்ச்சைக் காட்டும்போது அந்த உறுதிதான் போகிறது. எவ்வளவு சூடு ஏறியது என்று கண்ணால் கணிக்கவும் முடியாது. இரும்பு பழுக்கச் சிவந்து காட்டும். அலுமினியம் நிறம் மாறாமலே உருகிவிடும், சுத்த அலுமினியத்துக்கே உருகுநிலை 660 டிகிரிதான். வெல்டிங் வைத்தால் அந்தத் தடத்தை ஒட்டிய பகுதி இன்னும் பலவீனம். என் ரிம்மில் புதுக் கிராக் கிளம்பியது சரியாக அங்கேதான்.

அதற்காக அலாய் ரிம் எதையுமே ரிப்பேர் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. நடைபாதைக் கல்லில் உரசிய கீறலா, தாராளமாகப் பாலிஷ் போட்டு பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் லேசான மடிப்பு, கிராக் இல்லை, காற்று இறங்கவில்லை என்றால் டயல் கேஜ் வைத்துக் கோணலை அளந்து பிரெஸ்ஸில் நிதானமாக எடுக்கும் ஆளிடம் கொடுக்கலாம். கிராக் எங்கே இருந்தாலும், ஸ்போக் அருகிலோ நட் துளைப் பக்கமோ வளைந்திருந்தாலும் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் வீக்கம் தெரிந்தால் டயரும் போச்சு.

இதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான், அதுவும் டயரைக் கழற்றி, ரிம்மைக் கழுவித் துடைத்தபிறகு, யாரும் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால். சந்தேகமாக இருந்தால் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மெல்லிய கிராக்கும் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் டயர் மாட்டாமல் வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷினில் சுற்றவைத்து விளிம்பைக் கவனியுங்கள். உதறல் குறைந்ததை நம்பாதீர்கள். எனக்கு ரிம்மில் வரிசையாக வெயிட் (சிறு எடைத் துண்டுகள்) ஒட்டித்தான் உதறலைக் குறைத்திருந்தார்கள். எடைக் குறையை வெயிட் சரிசெய்யும், கோணலை நிமிர்த்தாது.

இன்சூரன்ஸ் பற்றி கடைக்காரர் சொன்னதும் பொய். நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியில், டயரும் ட்யூபும் மட்டும் தனியாகச் சேதமானால்தான் வராது. கூடவே வண்டியின் வேறு பாகமும் அடிபட்டிருந்தால் டயருக்குப் பாதி விலை கிடைக்கும். கம்பெனியிலேயே பொருத்தி வந்த ரிம் விபத்தில் உடைந்தால் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) கிளெய்மில் கேட்கலாம். 1500 சிசி வரையுள்ள காருக்கு ரூ. 1,000 நம் கையிலிருந்து போகும், வண்டியின் வயதுக்கேற்ற தேய்மானமும் கழியும், கிளெய்ம் செய்ததால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகும். கணக்குப் போட்டுப் பார்த்து, கிளெய்ம் போடுவதா விடுவதா என்பது உங்கள் இஷ்டம். வெளியில் வாங்கி மாட்டிய அலாய் என்றால் பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஷோரூமில் அலாய் ஒன்றுக்கு 8,400 சொன்னார்கள். என் காரின் கீழ் வேரியன்ட்டுக்கு வரும் அதே அளவு இரும்பு ரிம் 2,600. ஸ்டெப்னியில் இருந்த இரும்பு ரிம்மை முன்னால் போட்டுப் பார்த்தேன், அளவு சின்னது, சரிவரவில்லை. கடைசியில் அலாயே வாங்கினேன்.

போட்டோக்களோடு அந்தக் கடைக்குப் போனேன். "அலாய்னா அப்படித்தான் சார், வெல்டிங் வைக்காம நிக்காது" என்றார். கிராக் இல்லை என்று சொன்னது யார் என்றேன். பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தபிறகு 1,500 ரூபாய் திரும்ப வந்தது. மீதி இன்னும் வரவில்லை, துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது அவரே கேட்டார், "அந்தப் பழைய ரிம்மக் குடுங்க சார், 800 தர்றேன்."  மறுபடி பெயின்ட் அடித்து வேறு யார் தலையிலாவது கட்டத்தான் என்று தோன்றியதால் கொடுக்கவில்லை. லேத்தில் நடுவே அறுத்து இரண்டு துண்டாக்கித்தான் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.