கெக் பீர் நுரையாகக் கொட்டினால் முதலில் ஹோஸைப் பாருங்கள்

பீரை வாயு அழுத்தத்தில் வைத்து ஊற்றும் 19 லிட்டர் உலோகக் கலனான கார்னி கெக்கைத் தொடர்ந்து புழங்குகிறவர்களுக்குத் தெரியும், நுரை வந்தால் கை நேராக வாயு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குத்தான் போகும். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது. 4 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) அழுத்தத்தில் இருக்கும் பீர், தன் கொள்ளளவைப் போல் சுமார் இரண்டரை மடங்கு கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்திருக்கும். அழுத்தத்தை 5-க்கு இறக்கினால் அந்த வாயு பீரை விட்டுப் பிரிந்து, கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் ஹோஸில் குமிழாகத் தேங்கும். அன்றைக்கு நன்றாகத்தான் ஊற்றும். சில நாளில் மறுபடி நுரை, போகப்போகப் பீரும் சப்பென்று ஆகிவிடும்.

அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டு ஹோஸை நீட்டுவதுதான் சரி. 3/16 அங்குல உள்விட்டம் என்றால் 12 பிஎஸ்ஐக்கு 3 மீட்டர் வேண்டும். ஒன்றரை மீட்டர் ஹோஸில் பீர் பாய்ந்து வந்து ஊற்றும் குழாயின் வாயிலேயே நுரையாக உடையும். முதலில் நீளமாகவே போட்டுவிடுங்கள். ஊற்றுவது மந்தமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்ளலாம்.

நீளம் சரியாக இருந்தும் நுரைக்கிறதா? குழாயை ஒரு மணி நேரம் மூடி வைத்து, ஹோஸில் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குழாய்ப் பக்கம் மட்டும் நின்றால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. முதல் கிளாஸ் நுரைத்து அடுத்தது சரியாக வருவதும் இதனால்தான்; குழாய் பொருத்திய டவருக்குள் சின்ன விசிறியால் குளிர்காற்றை ஏற்றினால் அடங்கும். ஹோஸ் முழுக்கக் குமிழ் என்றால், கரைந்திருக்கும் வாயுவுக்கு அழுத்தம் போதவில்லை. கெக்கைக் குலுக்கி அவசரமாக வாயு ஏற்றிய பீரில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். கேஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு, அழுத்தத்தை வெளிவிடும் ரிலீஃப் வால்வைச் சில மணிக்கு ஒருமுறை திறந்துவிட்டால் ஓரிரு நாளில் சரியாகும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: கெக்கின் அடியிலிருந்து பீரை மேலே கொண்டுவரும் டிப் டியூபின் தலைக்கு அடியில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். அதில் மயிரிழைக் கீறல் இருந்தாலும், மேலே நிற்கும் வாயு அந்த வழியாகப் பீரோடு கலந்துவிடும். ஊற்றும்போது, ஹோஸைக் கெக்கோடு இணைக்கும் டிஸ்கனெக்ட்டிலிருந்தே குமிழ் சரம் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிய பிறகே, டிஸ்கனெக்ட் மாட்டும் போஸ்ட்டைக் கழற்றுங்கள். புது ரிங்கில் உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிப் போட்டால் போதும். மிக மலிவான பாகம் இது. கையில் நாலைந்து இருப்பு வையுங்கள்.

பீர் நூல் போல வந்தால் போஸ்ட்டுக்குள் இருக்கும் சின்ன வால்வான பாப்பெட்டில் ஹாப் துகள் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவினால் தீரும். குழாயைப் பாதியாகத் திறப்பதும் நுரைக்கு ஒரு காரணம்; ஒரே இழுப்பில் முழுதாகத் திறக்க வேண்டும்.

பீர் வாயுவே ஏறாமல் கிடந்தால் மூடியிலும் போஸ்ட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு தேடுங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் ஒருமுறை 30 பிஎஸ்ஐ கொடுத்து அமர்த்தலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் மீதி எவ்வளவு என்பதற்கு உயர் அழுத்த மானியை நம்ப வேண்டாம். உள்ளே திரவம் தீரும்வரை முள் அசையாது. காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும், எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.