விக்டோரியா வெள்ளி ரூபாய்: வாங்க வேண்டாம்

ஆன்லைன் சந்தையில் "1862 விக்டோரியா ரூபாய், அசல் வெள்ளி" என்று போட்டு 600 ரூபாய்க்கு விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டவே வேண்டாம் என்பேன். அசல் காசு 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி, இன்றைக்கு அந்த வெள்ளிக்கே 600 பத்தாதுங்க.

எனக்கு வந்த காசை கோவை ராஜ வீதியில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தால் ஒன்பது கிராம்கூட இல்லை. காந்தத்தைக் காட்டியதும் ஒட்டிக்கொண்டது. வெள்ளி ஒட்டாது, ஆனால் ஒட்டாத போலிகளும் உண்டு, அதனால் எடையை விட்டுவிடாதீர்கள். அப்புறம் லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். வார்த்து எடுத்த போலியில் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், ராணியின் முகத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். அசலில் கன்னம், முடி மாதிரி மேடான இடம்தான் முதலில் தேயும், இதில் எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கல்.

அதே விற்பனையாளர் ராமர் பட்டாபிஷேகம் போட்ட "1818 கம்பெனி அரை அணா"வும் வைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. கரூர் அமராவதி ஆற்றில் எடுத்த ரோமானியக் காசு என்று இன்னொன்று. அங்கே ரோமானியக் காசுகள் கிடைத்தது உண்மை, அந்த நம்பிக்கையை இப்படிக் காசாக்குவதுதான் எனக்கு ஆத்திரம். நிஜமாகவே மண்ணில் எடுத்த புதையல் என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும், இணையத்தில் விற்க முடியாது.

எடை போட்ட படத்தோடு புகார் கொடுத்ததும் பணம் திரும்பி வந்தது. அந்த விளம்பரத்தை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.