டிவிஷன் 1 பெஞ்சா, டிவிஷன் 3 மைதானமா, சமுதாயக் கல்லூரியா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான மாணவிகள் பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். கல்லூரி அணியில் இடம் பிடிப்பவர்கள் அவர்களில் மிகச் சிலரே. இந்த அலசல், தாமதமாகத் தேர்ச்சி பெறும் ஒரு பிட்சரை, அதாவது பந்து வீசும் வீராங்கனையை, மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பில் வெறும் வேகத்தை நம்பிப் பந்து வீசியவர், பதினொன்றாம் வகுப்பின் இறுதியில்தான் நம்பகமான சேஞ்ச்-அப் (வேகப்பந்து போலவே வீசப்பட்டு மெதுவாக வரும் பந்து) ஒன்றைக் கற்றுத் தேர்கிறார் என்று கொள்வோம். 43 அடி தொலைவிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் மட்டையாளரை அடைந்துவிடும். அதே கைச்சுழற்சியில், அதே விரல் மறைப்பில், பத்துப் பன்னிரண்டு மைல் குறைந்து வரும் பந்துக்கு மட்டையாளர் முன்னதாகவே மட்டையை வீசி ஏமாந்துபோகிறார். வேகப்பந்து மட்டுமே வைத்திருந்த பெண்ணுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

ஆனால் கல்லூரிகளின் நாட்காட்டி இந்த வளர்ச்சிக்காகக் காத்திருப்பதில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு தன் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரிக்கிறது, அவற்றில் டிவிஷன் 1-தான் உச்ச நிலை. பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 முதல் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் மாணவிகளை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம் என்பதால், முன்னணி அணிகள் அந்த வாரங்களிலேயே பெரும்பாலான இடங்களை நிரப்பிவிடுகின்றன. ஆகவே நம் பிட்சர் முன் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் மூன்று வழிகள்.

முதலாவது, டிவிஷன் 1 அணி ஒன்றின் கடைசி இடங்களில் ஒன்று. ஓக்லஹோமா சிட்டியில் டிவிஷன் 1 பட்டத்துக்காக நடக்கும் மகளிர் கல்லூரி உலகத் தொடரைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இந்த ஆசை இருப்பது முற்றிலும் இயல்பு. முன்பு ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகையே அனுமதிக்கப்பட்டது. பயிற்சியாளர்கள் அதைப் பலருக்குப் பகிர்ந்தளித்தார்கள். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டில் இணைந்த கல்லூரிகள் இப்போது 25 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். ஆனால் 25 என்பதே அணியின் உச்ச வரம்பாகவும் ஆகிவிட்டதால், வளர்த்தெடுக்கலாம் என்று கூடுதலாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு சுருங்கிவிட்டது. இதோடு, கல்லூரி மாறும் வீராங்கனைகளின் போட்டியும் சேர்ந்துகொள்கிறது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சஸ் டெக் சென்ற பிட்சர் நைஜேரி கனடி, பத்து லட்சம் டாலரைத் தாண்டிய ஒப்பந்தத்தோடு அந்த அணியை 2025 இறுதிச் சுற்றுவரை கொண்டு சென்றார். அனுபவம் வாய்ந்த ஒருவரை இப்படிப் பெற முடியும்போது, பதினெட்டு வயதுப் பெண்ணை இரண்டு ஆண்டுகள் பொறுத்து வளர்க்கும் பயிற்சியாளர்கள் குறைவுதான். ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீக் கல்லூரிகளும் டிவிஷன் 1-ஐச் சேர்ந்தவையே, ஆனால் அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்பதையும் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதான டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தரமாட்டார்கள். குடும்ப வருமானத்தையும் படிப்பையும் பார்த்துத் தரும் உதவி மட்டும் உண்டு. இதைக் குறையாகவே பலரும் பேசுகிறார்கள். எனக்கு இது பெரிய பாதுகாப்பாகத் தெரிகிறது, ஏனெனில் தோள்பட்டையில் காயம் பட்டு ஆட்டத்தை விட நேர்ந்தாலும் அந்த உதவி நின்றுபோகாது. ஆட்டத்தின் தரமும் இளப்பமானதன்று: படிப்புக்குப் பெயர் பெற்ற டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று முறை டிவிஷன் 3 பட்டம் வென்றது. டிவிஷன் 1-இல் ஒரு பருவத்துக்கு 56 ஆட்டங்கள் வரை ஆடலாம், இங்கே 40 மட்டுமே. ஆய்வகப் பாடங்கள் நிறைந்த பட்டப்படிப்பை விரும்பும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

இடையில் டிவிஷன் 2-உம், பெரும்பாலும் சிறிய கல்லூரிகளைக் கொண்ட என்ஏஐஏ என்ற தனி அமைப்பும் உள்ளன. முன்னதில் ஓர் அணிக்கு 7.2 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகை, பின்னதில் 10. வீட்டுக்கு அருகில் நல்ல அணி இருந்தால் கட்டாயம் பரிசீலிக்கலாம்.

மூன்றாவது, இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி. நம் பிட்சருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டாண்டுக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்ஜேசிஏஏ-வின் முதல் பிரிவில் ஓர் அணி 24 உதவித்தொகைகள் வரை தரலாம். அதைவிட முக்கியம், சேர்ந்த ஆண்டிலேயே களத்தில் இறங்கிப் பந்து வீச வாய்ப்பு அதிகம். சேஞ்ச்-அப்பை இப்போதுதான் கைவசப்படுத்திய பெண்ணுக்கு வேண்டியது நல்ல மட்டையாளர்களுக்கு எதிரான இன்னிங்ஸ்கள். அவை பெஞ்சில் கிடைக்காது. இரண்டு ஆண்டுகள் கழித்து, தேர்ந்த பிட்சராக நான்காண்டுக் கல்லூரிகளின் கதவைத் தட்டலாம். ஆனால் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் தனி அமைப்பின்கீழ் இயங்குபவை. அங்கே விளையாட்டு உதவித்தொகை இல்லை. எந்த மாநிலமானாலும், அங்கே படிக்கும் பாடங்களில் எவற்றின் மதிப்பலகுகளை அடுத்த பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும், மிச்சப்படுத்திய பணமும் அதிலேயே கரைந்துவிடும்.

மதிப்பெண்கள் மிக உயர்வாக இருந்தால் என் பரிந்துரை டிவிஷன் 3-க்கு மாறும். டிவிஷன் 1 அழைப்பை ஏற்பதற்கு முன், இந்த ஆண்டு அணியில் எத்தனை பிட்சர்கள் இருக்கிறார்கள், அவர்களில் யார் யார் எப்போது பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள், சென்ற ஆண்டு முதலாண்டு மாணவி எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்ற மூன்றையும் பயிற்சியாளரிடம் நேரில் கேட்க வேண்டும்.