1000000007 ஆ, 998244353 ஆ?

வெள்ளவத்தையில் நிரலாக்கப் போட்டிக்குப் படிக்கும் பிள்ளைகள், தாங்களே கேள்வி போடும்போது இழுபடுவது இதில்தான்: விடை பெரிதாகிவிடாமல் எந்த முதன்மை எண்ணால் வகுத்து மீதி கேட்பது?

அளவு: இரண்டுமே 2இன் 30ஆம் அடுக்குக்குள். கூட்டல் 32 பிட்டில், பெருக்கல் 64 பிட்டில் அடங்கும்.

நேர்மாறு (வகுத்தலுக்குப் பதில் பெருக்கும் எண்): இரண்டுமே முதன்மை எண் என்பதால், அதை ஒரே அடுக்கேற்றத்தில் தரும் பெர்மாவின் சிறிய தேற்றம் போதும்.

ஞாபகம்: முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இரண்டாவதில் 353க்குப் பதில் 853 என்று தட்டினால் அதுவும் முதன்மை எண். கோட் முறைப்பாடில்லாமல் ஓடும், விடை மட்டும் பிழை. தேடித் தலை வெடிக்கும்.

பல்லுறுப்பிப் பெருக்கம்: விசயமே இங்கேதான். 998244353இல் 1ஐக் கழித்தால் 119 × 8388608. பின்னது 2இன் 23ஆம் அடுக்கு. ஆகவே அத்தனை நீளம் வரை எண்கோட்பாட்டு உருமாற்றம் (பல்லுறுப்பியைப் பாதி பாதியாக்கி வேகமாகப் பெருக்கும் முறை) நேரே நடக்கும். அதற்குத் தேவையான முதன்மை மூலமும் (அடுக்கேற்றினால் 0 தவிர்ந்த எல்லா மீதியையும் தரும் எண்) 3 என்ற சின்ன எண். 1000000007இல் 1ஐக் கழித்தால் 2 × 500000003. அந்த 500000003உம் முதன்மை எண், மேலே பாதியாக்க வழியில்லை. வேறு மூன்று முதன்மை எண்களில் கணக்கிட்டு, மீதிகளிலிருந்து எண்ணை மீட்கும் சீன மீதித் தேற்றத்தால் ஒட்டுவது ஒரு வழி.

வர்க்கமூலம்: இதில் 1000000007 வெல்லும். 4ஆல் வகுக்க மீதி 3 என்பதால், வர்க்கமூலம் இருந்தால் ஒரே அடுக்கேற்றத்தில் வந்துவிடும்.

வெறும் எண்ணிக்கைக் கணக்கென்றால் 1000000007. பல்லுறுப்பி வாடை அடித்தால் 998244353. ஆனால் அந்த எண்ணைக் கண்டதுமே கெட்டிக்காரப் பிள்ளை வழியை ஊகித்துவிடும். மறைக்க வேண்டுமா, எல்லாக் கேள்விக்கும் அதையே போடுங்கள்.