'நானோ ஆன்டிஆக்ஸிடன்ட்' சொட்டு: வாங்குமுன் இதைப் படியுங்கள்

அம்மாவின் மூட்டுவலிக்காக 'செரியம் நானோ' சொட்டு வாங்கினேன். செரியம் என்ற உலோகத்தின் மிக நுண்ணிய (நானோ) துகள்கள் ஆன்டிஆக்ஸிடன்டாக, அதாவது செல்களைக் கெடுக்கும் மூலக்கூறுகளை அடக்கும் பொருளாக, வேலை செய்யும் என்று விற்கிறார்கள். பணம் போனது போகட்டும், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ அழைப்பில் விற்பனையாளர் ஒரு டம்ளர் தண்ணீரில் அயோடின் விட்டார். பழுப்பாக மாறியது. "இதுதான் மேடம், அம்மா உடம்பிலிருக்கும் நச்சு" என்றார். அப்புறம் அவருடைய மருந்தில் சில சொட்டுகள். கலக்குவதற்குள் தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிட்டது. அடுத்து லேசர் விளக்கைப் புட்டியின் மேல் அடித்தார். உள்ளே ஒளி நேர்கோடாகத் தெரிந்தது. நானோ துகள் இருப்பதற்கு அதுவே சாட்சியாம்.

புட்டி வந்ததும் எலுமிச்சைச் சாற்றை வைத்து அதையே செய்து பார்த்தேன். அயோடின் அப்படியே தெளிந்தது. வைட்டமின் சி அயோடினை நிறமில்லாத அயோடைடாக மாற்றிவிடும், அவ்வளவுதான் விஷயம். லேசர் கோடு, துளி பால் விட்ட தண்ணீரிலும் வரும்.

லேபிளில் செரியம் எவ்வளவு என்று இல்லை, துகள் எத்தனை நானோமீட்டர் என்று இல்லை, பேட்ச் எண்கூட இல்லை. கேட்டால் "ஃபார்முலா ரகசியம்". ஆதாரம் கேட்டதற்கு, எலிகளின் ஆயுள் கூடியதாகச் சொல்லும் 2012 ஆய்வு ஒன்றை அனுப்பினார்கள். படித்தால் அது ஆலிவ் எண்ணெயில் கரைத்த ஃபுல்லரீன் பற்றியது. அது கார்பன், செரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! பின்னால் வேறொரு குழு சுண்டெலிகளில் சோதித்தபோது ஆயுளும் கூடவில்லை. வெளிச்சம் பட்ட எண்ணெய் நச்சாகவும் மாறியது.

செரியம் ஆக்சைடு (செரியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) பற்றிய ஆராய்ச்சி பொய்யல்ல. செரியம் +3, +4 என்று இரண்டு மின்னூட்ட நிலைகளுக்கிடையே மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு தடவையோடு தீர்ந்துபோகாமல் திரும்பத் திரும்ப ஆன்டிஆக்ஸிடன்டாக வேலை செய்யும். ஆனால் அந்த வேலையெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூட செல்களிலும் விலங்குகளிலும்தான் பார்க்கப்பட்டிருக்கிறது. துகளின் அளவும் மேல்பூச்சும் மாறினால் குணமும் மாறும். அமிலச் சூழலில் அதே துகள் செல்லுக்குக் கேடாகவும் முடியலாம். ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. "பிரஷர் மாத்திரையை மெல்லக் குறைத்துவிடுங்கள்" என்று அம்மாவிடம் தனியாகப் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, அம்மா குறைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாததைக் குடிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "சீல் உடைத்துவிட்டீர்கள்" என்றார்கள். பிறகு என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். ரசீதையும் உரையாடலையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் வாங்கியிருந்தால் புட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், புகாருக்கு அது வேண்டும்.