கனடா நாணய விலைக் கையேடுகள்: எதை எதற்கு நம்பலாம்

கனடா நாணயம் சேர்ப்பவர்கள் 'புத்தக விலை' என்றால் பெரும்பாலும் சார்ல்ட்டன் கேட்டலாக்கைத்தான் சொல்கிறார்கள். 1952-இலிருந்து வருகிற நூல். முதல் தொகுதியில் புழக்கத்துக்கு வந்த நாணயங்கள். இரண்டாம் தொகுதியில் கனடாவின் அரசு நாணயச்சாலையான ராயல் கனேடியன் மிண்ட் சேகரிப்பாளர்களுக்கென்றே அடித்தவையும், முதலீட்டுக்கான மேப்பிள் லீஃப் நாணயங்களும். வாங்க வேண்டிய முதல் நூல் இதுதான், ஆனால் விலைக்காக அல்ல. கையில் இருக்கும் காசு எது என்று இதைப் போல் தெளிவாகச் சொல்லும் நூல் வேறில்லை.

1947 வெள்ளி டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் ஒன்று, விலை வரிசை மூன்று: 7-இன் வால் மழுங்கியது, வால் கூரானது, தேதிக்குப் பக்கத்தில் குட்டி மேப்பிள் இலை உள்ளது. இந்தியா விடுதலை பெற்றதும் ஆறாம் ஜார்ஜின் பட்டத்திலிருந்து 'இந்தியப் பேரரசர்' என்பதை நீக்க வேண்டியிருந்தது. நாணயம் அடிக்கும் புதிய அச்சு வந்து சேரத் தாமதமானதால், 1948-இல் பழைய அச்சையே வைத்து, 1947 தேதியோடு ஓர் இலையைச் சேர்த்து அடித்தார்கள். இலை உள்ள டாலர் 21,135-தான். புது அச்சு வந்த பிறகு மிச்சமிருந்த காலத்தில் அடித்த 1948 டாலர் அதைவிடக் குறைவு, 18,780. லென்ஸ் இல்லாமல் '1947 டாலர் என்ன விலை' என்று தேடினால், தவறான வரிசையைப் படித்துவிட்டு ஒன்று துள்ளுவோம், இல்லையென்றால் ஏமாறுவோம்.

விலை என்று வந்தால் சார்ல்ட்டனில் இருப்பது கனடா டாலரில் சில்லறை விலை, அதாவது டீலர் நமக்கு விற்கும் விலை. நம்மிடம் அவர் வாங்கும் விலை அல்ல. அரிய தேதிகளுக்கு, அதாவது நாணயத்தில் பொறித்த அரிய ஆண்டுகளுக்கு, இரண்டும் ஓரளவு நெருங்கி வரும். வெள்ளி இல்லாத சாதாரண தேதிகளுக்குப் புத்தக விலையில் பாதிகூடக் கேட்க முடியாது; பலவற்றை முகமதிப்புக்கு மேல் யாரும் தொடமாட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்த விலைப் பத்திக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

வெள்ளி நாணயங்களில் இன்னொரு சிக்கல். நூல் அச்சுக்குப் போன நாளில் வெள்ளி ஒரு விலை, நீங்கள் புரட்டும் நாளில் வேறு விலை. அதனால் சாதாரண தேதிகளுக்கு நூலைத் திறக்கவே வேண்டாம், பெருக்கினால் போதும். 1935 முதல் 1967 வரையிலான டாலரில் 0.6 டிராய் அவுன்ஸ் சுத்த வெள்ளி இருக்கிறது. 1920 முதல் வந்த 80 சதவீத வெள்ளி நாணயங்களில் ஐம்பது சென்டுக்கு 0.3, இருபத்தைந்துக்கு 0.15, பத்துக்கு 0.06. அவுன்ஸ் 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் 1964 டாலர் 24 டாலர் பெறும். அன்றைய வெள்ளி விலைக்குப் புத்தக விலை கீழே போய்விட்டால் அந்த வரி செத்த வரி. 1967-இன் பத்து, இருபத்தைந்து சென்டுகளில் 80 சதவீதமும் உண்டு, 50 சதவீதமும் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாது. 1968-இல் 50 சதவீத வெள்ளிக் காசுகளும் வந்தன, நிக்கல் காசுகளும் வந்தன. காந்தம் பிடித்தால் நிக்கல்.

'கனேடியன் காயின் நியூஸ்' இதழின் 'ட்ரெண்ட்ஸ்' விலை அட்டவணை வருடத்துக்கு ஒருமுறை அச்சாகும் நூலைவிட அடிக்கடி மாறும். ஒரு தேதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது நல்லது. 'காயின்ஸ் அண்ட் கனடா' தளம் இலவசம். அதன் விலைகளைவிட வெரைட்டிகளின், அதாவது ஒரே தேதியின் சிறு வேறுபாடுகளின், படங்களுக்காக அதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 1973 இருபத்தைந்து சென்ட் ஒரு சோதனை: ராணியின் தலை சிறியதில் ஓரத்தைச் சுற்றி 120 மணிகள், பெரியதில் 132, பெரிய தலையில் மணிகள் விளிம்பை ஒட்டி நிற்கும். சிறிய தலை சில்லறைக் காசு, பெரிய தலைக்குத்தான் விலை. எண்ணிச் சலித்தால் படத்தோடு வைத்து விளிம்பு இடைவெளியை மட்டும் ஒப்பிடுங்கள். அமெரிக்க கிரேடு நிறுவனமான என்.ஜி.சி.-யின் தளத்திலுள்ள உலக நாணய விலைப் பட்டியலும் இலவசம், ஆனால் அது அமெரிக்க டாலரில். இதை மறந்து சார்ல்ட்டனோடு ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் நிறைய.

எந்தக் கையேடானாலும் தவறு நேர்வது கிரேடு, அதாவது தேய்மான நிலை, பத்தியில்தான். எல்லா விலையும் கழுவாத, கீறாத, வளையாத நாணயத்துக்கு. ஐந்தாம் ஜார்ஜ் நாணயத்தில் முகத்தைப் பார்க்காதீர்கள், கிரீடத்தின் பட்டையைப் பாருங்கள். வி.ஜி. (வெரி குட்) கிரேடில் பட்டையின் மேடான பகுதி தேய்ந்தே போயிருக்கும். எஃப். (ஃபைன்) என்றால் பட்டை இருக்கும், அதிலுள்ள மணிகள் மங்கியிருக்கும். வி.எஃப். (வெரி ஃபைன்) என்றால் தெளிவு உண்டு, கூர்மை இல்லை. இ.எஃப். (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) என்றால் லேசான தேய்மானத்தோடு கூர்மையும் இருக்கும். பட்டை போய்விட்ட காசை 'பளபளவென்று இருக்கிறதே' என்று இ.எஃப். பத்தியில் தேடுவது வழக்கமான பிழை. அந்தப் பளபளப்பு பெரும்பாலும் யாரோ தேய்த்துக் கழுவியது. மன்னர் வாரியான இத்தகைய கிரேடு விளக்கங்களுக்கு ஹாக்ஸ்பியின் கனடா நாணயக் கையேடு பழைய பதிப்பாக இருந்தாலும் வாங்கலாம். விலை பழையதாகும், தேய்மானம் ஆகாது.

புழக்கத்துக்கே போகாத நாணயங்களுக்கு எம்.எஸ். (மிண்ட் ஸ்டேட்) என்ற கிரேடு. எம்.எஸ்.-64-க்கும் 65-க்கும் நடுவே விலை பல மடங்கு தாவும் தேதிகள் உண்டு. அங்கே யார் கிரேடு செய்தது என்பதும் விலையின் ஒரு பகுதி. 1986 முதல் டொரன்டோவில் இயங்கும் கிரேடு நிறுவனமான ஐ.சி.சி.எஸ். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் தருவதைக் கனடா டீலர்கள் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். அமெரிக்க நிறுவனத்தின் 65-ஐ அதே 65 என்று எண்ணிப் பத்தியைப் படித்தால் கூடுதலாகக் கொடுத்துவிடுவீர்கள். சேகரிப்பாளர் செட்டுகளுக்கென்று கவனமாக அடித்த 'புரூஃப்லைக்' (பி.எல்.) நாணயங்களுக்குத் தனிப் பத்தி உண்டு. செட்டிலிருந்து பிரித்த பி.எல். காசை எம்.எஸ். பத்தியில் பார்க்கக் கூடாது.

உண்மையான விலை ஏல முடிவுகளில்தான் இருக்கிறது. அமெரிக்க ஏல நிறுவனமான ஹெரிடேஜின் ஏல ஆவணத்தில் பதிவு செய்துகொண்டால் படத்தோடு பழைய விற்பனைகளைப் பார்க்கலாம். அங்கே காட்டும் தொகையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும். சில நிறுவனங்கள் கமிஷன் சேராத சுத்தியல் விலையை மட்டும் போடும், இதைக் கவனிக்காவிட்டால் கணக்கில் 15, 20 சதவீதம் உதைக்கும். ஒரே கிரேடில் குறைந்தது நான்கைந்து விற்பனைகளைப் பாருங்கள். ஒரே ஒரு உச்ச விலை இரண்டு பேர் பிடிவாதம் பிடித்ததாலும் வரலாம். ஈபேயில் 'விற்றவை' வடிகட்டியைப் போடாமல் பார்த்தால் ஒரு சென்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் கனவு விலைகள்தான் தெரியும். பேரம் ஏற்கப்பட்டது என்று குறித்த விற்பனைகளில் கோடிட்டுக் காட்டும் தொகை விற்ற தொகை அல்ல, ஒதுக்கிவிடுங்கள்.

மிண்ட் நேரடியாக விற்கும் வண்ண நாணயங்களுக்கு வெளியீட்டு விலை எதற்கும் ஆதாரமல்ல. உலோக மதிப்பைக் கணக்கிட்டு, ஏல முடிவைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தொகுதியைக் கடைசியாகத் திறப்பதே சரியான வரிசை.

1948 டாலர் போன்றதற்குப் பெரும் தொகை கொடுக்கும் முன் தராசும் கேட்டலாக் அளவுக்கு வேலை செய்யும். எடை 23.3 கிராம், விட்டம் 36 மில்லிமீட்டர், காந்தம் ஒட்டக் கூடாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடினால் கழுவிய காசு, புத்தகத்தின் எந்தப் பத்தியும் அதற்குப் பொருந்தாது.